சான்பிரான்சிஸ்கோ படிக்கட்டு: ஏறுறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுட்டுப் போ

பே ஏரியாவுக்குப் பிள்ளையைப் பார்க்கப் போறியா தங்கச்சி? பாலத்தைப் பார்த்தாச்சு, போட்டோ எடுத்தாச்சுன்னு திரும்பிடாதே. சான்பிரான்சிஸ்கோவுல குன்றுகளுக்கு மேலேயே நேர்கோடு போட்டுத் தெரு வகுத்திருக்காங்க. சரிவு ரொம்பச் செங்குத்தான இடத்துல தெரு அப்படியே படிக்கட்டா மாறிடும். அந்த மாதிரி நூத்துக்கணக்குல இருக்கு. எல்லாமே பொதுவழி, காசு கிடையாது. அதுக்காக ஒரே நாள்ல நாலு குன்றுன்னு கிளம்பாதே. அரைநாளுக்கு ஒண்ணு போதும்.

1. ஏறணுமா, இறங்கணுமான்னு முதல்ல முடிவு பண்ணு. ஏறினா மூச்சு வாங்கும். இறங்கினா முட்டி வாங்கும். இது தெரியாம, முட்டிவலிக்காரங்கதான் "இறங்குறது சுலபம்"னு கிளம்புறாங்க. டெலிகிராஃப் ஹில்ங்கிற குன்றுல, உச்சியில இருக்கிற கோய்ட் டவர் வரைக்கும் 39-ம் நம்பர் பஸ் போகும். மூச்சு வாங்குறவங்க பஸ்ல மேலே போய், ஃபில்பர்ட் படிக்கட்டு வழியா சான்சம் தெருவுக்கு இறங்குங்க. முட்டிவலி இருந்தா சான்சம் தெருவுலேருந்து நிதானமா ஏறி, பஸ்ல திரும்புங்க. ரெண்டும் நல்லா இருக்கிறவங்க ஃபில்பர்ட்ல ஏறி, பக்கத்துலயே இருக்கிற கிரீன்விச் படிக்கட்டுல இறங்கலாம்.

2. ஃபில்பர்ட்ல ஓடாதே. பாதி வழியில நேப்பியர் லேன்னு ஒரு சந்து வரும். தார் கிடையாது, மரப்பலகைதான் தரை. அதை ஒட்டி ஒரு தோட்டம். ஒரு காலத்துல குப்பை கொட்டுற சரிவா இருந்ததை, கிரேஸ் மார்ச்சன்ட்னு அங்கே குடியிருந்த அம்மா சுத்தம் பண்ணிச் செடி வெச்சு வளர்த்தாங்க. அவங்க பேர்லயே இன்னைக்கும் இருக்கு. அக்கம்பக்கத்துக்காரங்கதான் பார்த்துக்கிறாங்க, பூவைக் கிள்ளாதே. சிவப்புத் தலைக் கிளிக்கூட்டம் கத்திக்கிட்டே போகும், அண்ணாந்து பாரு. ஆனா தீனி போடாதே. பொது இடத்துல அதுங்களுக்குத் தீனி போடக் கூடாதுன்னு 2007-லயே ஊர்ல தடை போட்டாச்சு.

3. மொசைக் படிக்கட்டைக் கீழேயிருந்து பாரு. மொராகா தெருவுல 163 படி, 2005-ல முடிச்சாங்க. கடல்லேருந்து வானம் வரைக்கும் மொசைக் ஓவியம். ஆனா ஓடு பதிச்சிருக்கிறது படியோட நெற்றியில. கார்ல மேலே போய் இறங்கி எட்டிப் பார்த்தா வெறும் சிமென்ட்தான் தெரியும். எத்தனை பேர் இப்படி ஏமாந்து திரும்புறாங்க தெரியுமா! 'என் ஜூடா' ரயில்ல போய் 16-வது அவென்யூல இறங்கு. அப்படியே தெற்கே நடந்தா கிர்க்கம் தெருவுல இன்னொரு மொசைக் படிக்கட்டு வரும், 148 படி. அதுல ஏறி நேரா நட, மொராகா படிக்கட்டோட அடிவாரத்துல கொண்டுபோய் விட்டுடும். ஒரே நடையில ரெண்டும் முடிஞ்சுது. தெம்பு மிச்சமிருந்தா மேலே கிராண்ட்வியூ பூங்கா; பசிபிக் கடல் தெரியும்.

4. ஜூலை வெயில்னு நம்பாதே. அந்தப் பக்கம் கோடையிலதான் மூடுபனியும் குளிர்காத்தும். ஸ்வெட்டர் இல்லாம வெளியே கால் வைக்காதே. செப்டம்பர், அக்டோபர்ல போனா வானம் தெளிவா இருக்கும்.

5. புடவை வேண்டாம். இறங்கும்போது கொசுவம் காலில் மாட்டும். மரப்படி ஈரமானா வழுக்கும், பிடிப்புள்ள ஷூ போடு. நடுவழியில கழிவறை கிடையாது, கிளம்பும்போதே போயிட்டு வா.

6. காரைத் தவிர். கோய்ட் டவர்ல நிறுத்த இடம் கொஞ்சம்தான், வரிசையிலயே பொழுது போயிடும். அப்படியும் எடுத்துட்டுப் போனா, சீட்ல ஒரு பை கூட வைக்காதே. கண்ணாடியை உடைச்சு எடுக்கிறது அங்கே சகஜம்.

7. வாசப்படியில உட்காராதே. ஃபில்பர்ட்ல சில வீடுகளுக்கு அந்தப் படிக்கட்டுதான் தெரு, கார் போகாது. மளிகைச் சாமான், மெத்தை, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஆள்தான் தூக்கிட்டுப் போகணும். குரலைத் தணிச்சுப் பேசு, ஜன்னலுக்குள்ள கேமராவை நீட்டாதே. மூட்டையோட யாராவது வந்தா கைப்பிடிப் பக்கத்தை அவங்களுக்கு விட்டுட்டு நீ ஒதுங்கி நில்லு.