வாய்க்கட்டு இல்லாத ஓவியக்கலை

அன்புள்ள யாழினிக்கு,

ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி தன்னையே ஓவியக்கலையின் உருவகமாக வரைந்த படத்தைப் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் பத்தியிலேயே 1612-ஆம் ஆண்டு ரோமில் நடந்த வன்புணர்வு வழக்குக்குப் போய்விட்டாயே, அம்மா. ஓவியர் டாஸி அவருக்கு இழைத்த கொடுமையும் உண்மை. வாக்குமூலத்தைச் சோதிக்க அவர் விரல்களையே கயிற்றால் இறுக்கியதும் உண்மை. இந்தப் படமோ கால் நூற்றாண்டு கழித்து, 1638-39 வாக்கில், பெரும்பாலும் அவர் லண்டனில் இருந்தபோது வரைந்தது. வரைந்தவர் பெண் என்றதும் அவர் பட்ட துன்பத்தில் விடையைத் தேடுவது நம் விமரிசனத்தின் சோம்பல். விடை முதலில் படத்திலேயே இருக்கிறதா என்று பார்.

உருவகங்களை எப்படி வரைவது என்று அக்காலத்து ஓவியர்களுக்கு ஒரு கையேடு இருந்தது. சேசரே ரீப்பா எழுதி 1593-இல் வெளிவந்த ‘இகொனோலோஜியா’. அதில் ஓவியக்கலை ஓர் அழகி: கலைந்த கருங்கூந்தல், வளைந்த புருவம், துணியால் கட்டிய வாய், கழுத்துச் சங்கிலியில் முகமூடிப் பதக்கம், சாயல் மாறும் ஆடை, கையில் தூரிகை. ஆர்ட்டெமீசியா ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். முடி கலைந்திருக்கிறது, பதக்கம் தொங்குகிறது, பச்சைச் சட்டை மயில்கழுத்துப் பட்டைப்போல் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுகிறது. வாய்க்கட்டை மட்டும் காணோம். ‘அடக்குமுறைக்கு எதிரான குரல்’ என்று நீ இதற்குப் பொருள் சொல்கிறாய். அவசரம். ரீப்பாவிடம் அந்தத் துணி இழிவின் குறி அல்ல. ஓவியம் பேசாத கவிதை என்ற பழைய பாராட்டின் குறியாகவே அதைப் படிப்பது வழக்கம். அதை விட்டுவிட்டு வரைந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்ல. ஆகவே விடுபட்ட ஒரு துணியின்மேல் உன் முழு வாதத்தையும் ஏற்றாதே.

வலுவான சான்று உடம்பில் இருக்கிறது. ரீப்பாவின் அழகிக்குத் தூரிகை ஓர் அடையாளம்தான். இவரோ வேலை செய்கிறார். சட்டைக் கை மேலே ஏறியிருக்கிறது, வலக்கை உயர்ந்து தூரிகை ஓவியத் துணியைத் தொடப்போகிறது, இடக்கை வண்ணத் தட்டோடு மேசையில் ஊன்றியிருக்கிறது. பார்வை நம் பக்கம் திரும்பவே இல்லை. அழகியாக நம்முன் நிற்க அவருக்கு நேரமில்லை. பிற்பாடு வெர்மீர் இதே பொருளை வரைந்தபோது உருவகமாக நிற்பவள் ஒரு பெண், முதுகைக் காட்டி உட்கார்ந்து வரைபவன் ஓர் ஆண். அந்த இரண்டு பேரும் ஆர்ட்டெமீசியாவிடம் ஒரே ஆள். கலையைப் பெண்ணாக உருவகிக்கும் மரபில் ஆண் ஓவியர் எவரும் இதை இவ்வளவு இயல்பாகச் செய்திருக்க முடியாது என்று கலை வரலாற்றாளர் மேரி கர்ரார்ட் வாதிட்டார். அதை நானும் ஏற்கிறேன்.

நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு இந்த முகம் இளமையாக இருக்கிறதே, இது அவர்தானா என்று கேட்கும் அறிஞர்களும் உண்டு. நியாயமான ஐயம், அதை மறைக்காமல் எழுது. ஆனால் முகச்சாயல் பொய்த்தாலும் வாதம் விழாது. மேசையில் தன் பெயரின் முதலெழுத்துகளோடு ‘படைத்தார்’ என்பதற்கான எழுத்தையும் பொறித்திருக்கிறார். அது தொழிலுக்கு உரிமை கொண்டாடும் கையெழுத்து. அடுத்த வரைவை ரீப்பாவின் பட்டியலிலிருந்து தொடங்கு. டாஸி வழக்கு அடிக்குறிப்பில் இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா