பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் நாஸ் பெட்டி திறக்கவில்லையா?

கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ரூட்டருக்குப் பக்கத்தில் ஒரு நாஸ் பெட்டி. நாஸ் என்றால் நெட்வொர்க்கில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி. வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் அதில் ஃபைல்களைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். அவருடைய அறுபதாம் கல்யாண போட்டோக்கள் முழுக்க அதில்தான். வேறு காப்பி கிடையாது.

"தம்பி, விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்து திறக்கலை. பின்னாடி ரீசெட் பட்டன் இருக்கே, அழுத்திடவா?"

"சார், கையை எடுங்க முதல்ல!" என்றேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதை மனதில் வையுங்கள். லாகின் ஆகவில்லை என்பதும் டேட்டா போய்விட்டது என்பதும் ஒன்றல்ல. சாவி சேரவில்லை, அவ்வளவுதான். ரீசெட் பட்டன் சில பெட்டிகளில் அட்மின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றும், சிலவற்றில் செட்டிங்குகள் அனைத்தையும் அழிக்கும். உங்கள் பெட்டியின் மேனுவலைப் பார்க்காமல் தொடாதீர்கள். 'இனிஷியலைஸ்', 'ஃபார்மேட்' என்று எது கேட்டாலும் ஓகே கொடுக்காதீர்கள். அது டிஸ்க்கையே துடைத்துவிடும்.

அடுத்து, எந்த இடத்தில் தடுக்கிறது என்று பாருங்கள். யூசர் நேம் கேட்கும் பெட்டியே வரவில்லை என்றால் பாஸ்வேர்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கேபிள், ரூட்டர், ஐ.பி. முகவரி இவற்றைச் சரி பாருங்கள். எக்ஸ்ப்ளோரரின் முகவரிக் கட்டத்தில் \\192.168.1.10 என்பது போல உங்கள் நாஸின் ஐ.பி. எண்ணை டைப் செய்து என்டர் தட்டினால் தெரிந்துவிடும். உள்ளே போய்விட்டு ஒரு போல்டர் மட்டும் திறக்க மறுத்தால் அது பர்மிஷன் கோளாறு. நாஸின் அட்மின் பக்கத்தில் அந்த யூசருக்கு அனுமதி தர வேண்டும்.

சார் வீட்டில் வந்த செய்தி வேறு மாதிரி. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகள் கெஸ்ட் அனுமதியைத் தடுக்கின்றன என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்தது. "ஏதுப்பா நிறுவனம்? நான் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சே" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்; வீட்டுக்காரர்களை இப்படிக் குழப்பும் செய்தியை மைக்ரோசாப்ட் மாற்றியிருக்கலாம். விஷயம் இதுதான்: அவருடைய பெட்டியில் பாஸ்வேர்டே வைக்கவில்லை, யார் வந்தாலும் 'கெஸ்ட்' என்று உள்ளே விட்டது. 2024-ல் வெளியான விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு, ப்ரோ வகையில், இப்படிக் கெஸ்டாக நுழைவதை நிறுத்திவிட்டது. தடையை நீக்கவும் வழி உண்டு. நான் செய்யவில்லை. நாஸின் அட்மின் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்ட் உருவாக்கினேன். போட்டோக்கள் வந்துவிட்டன.

உங்களுடையது ரொம்பப் பழைய பெட்டி என்றால் 'எஸ்.எம்.பி. 1' பிரச்சினையாக இருக்கலாம். ஃபைல் பகிர்வதற்கான அந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது. ஆந்திர போலீசாரின் கம்ப்யூட்டர்கள் சிலவும் சிக்கின. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் போடும்போது எஸ்.எம்.பி. 1 முழுதாக வருவதில்லை. அதைத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். நாஸில் எஸ்.எம்.பி. 2 அல்லது 3 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுப் பெட்டிக்கு ஓய்வு கொடுங்கள்.

கிளம்பும்போது அவர் மகன் ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். "அண்ணா, அதே பாஸ்வேர்ட்தான் போடறேன், ஏத்துக்க மாட்டேங்குது." இங்கேதான் டைரக்டரி சர்வீஸ் வருகிறது. ஆபீசில் ஊழியர்களின் பெயர், பாஸ்வேர்டெல்லாம் ஒரே சர்வரில் ஒரே பட்டியலாக இருக்கும். விண்டோஸ் 2000-த்துடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி அப்படிப்பட்டது. அந்த லேப்டாப்பில் வெறும் பெயரை டைப் செய்தால், ஆபீஸ் டொமைன் பெயரையும் முன்னால் ஒட்டி அனுப்பிவிடும். வீட்டு நாஸுக்கு அந்த ஆபீசைத் தெரியாது! நாஸின் பெயர், பிறகு \ குறி, பிறகு யூசர் பெயர் என்று டைப் செய்யச் சொன்னேன். அதன் பிறகும் அடம் பிடித்தது. கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் நாஸ் பெயரில் சேமித்திருந்த பழைய பாஸ்வேர்டை நீக்கி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது. ரீஸ்டார்ட் ஏன் என்றால், ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயர்களை விண்டோஸ் அனுமதிக்காது. எர்ரர் 1219 என்று வருவது அதுதான்.

லேப்டாப்பைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் நம்பரை இங்கே போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது.

உங்கள் கடையிலோ ஆபீசிலோ நாஸையே டொமைனில் சேர்த்திருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ஆக்டிவ் டைரக்டரி பயன்படுத்தும் கெர்பராஸ் முறையில், இரண்டு பக்கக் கடிகாரங்களுக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சாதாரணமாக லாகின் நடக்காது. நீண்ட பவர் கட்டுக்குப் பிறகு நாஸின் நேரம் பின்தங்கி, ஆபீசே பாஸ்வேர்ட் மாற்றிக்கொண்டிருக்கும்! நேரம் சரியாக இருந்தும் முடியவில்லை என்றால் நாஸின் டி.என்.எஸ். கட்டத்தைப் பாருங்கள். அங்கே இன்டர்நெட் கம்பெனியின் எண் இருந்தால் நாஸால் டொமைன் சர்வரைக் கண்டுபிடிக்க முடியாது. டொமைன் சர்வருடைய ஐ.பி. எண்ணைக் கொடுத்துவிட்டு மறுபடி லாகின் செய்து பாருங்கள்.