கல்லாகிப்போன மங்குஸ்தான்

அன்புள்ள கயல் கண்ணு,

பர்லியாறில் வாங்கிய மங்குஸ்தானில் பாதி கல்லாக இருந்தது, ஏமாந்துவிட்டேன், இனி தொடமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பழத்தின் மேல் கோபப்படாதே. அது ஏன் கல்லானது என்று தெரிந்துகொள்.

மங்குஸ்தான் அடிபட்டால் தோல் அந்த இடத்தில் இறுகிவிடும். மரத்தை உலுக்கி விழவிட்ட பழம் இரண்டொரு நாளில் கத்திக்கும் அசையாது. அதனால் நல்ல விவசாயி மரமேறிக் கையால் பறிப்பார். எட்டாததைத் தொரட்டியில் பை கட்டி, தரையில் படாமல் இறக்குவார். அந்த மரமும் லேசில் வந்ததில்லை. கன்றுக்கு நிழல் கட்ட வேண்டும். விதைபோட்டு வளர்த்தால் முதல் காய் பார்க்கவே எட்டுப் பத்து வருஷம் ஆகும். மலாய்ப் பக்கத்து மரம் அது. நம் மலைச்சரிவில் எல்லா இடத்திலும் வராது. ஈரமும் நிழலும் உள்ள பர்லியாறு, குற்றாலம் மாதிரி சில இடங்களில்தான் காய்க்கிறது.

அடுத்த முறை வண்டியில் உட்கார்ந்தபடி வாங்காதே. இறங்கிப் போய், "யார் தோட்டத்துப் பழங்க?" என்று கேள். சொந்தமாக நாலு மரம் வைத்திருப்பவர், எப்போது பறித்தது என்பதுவரை சொல்வார். அவரிடம் பேரம் பேசாதே கண்ணு. விழாமல் இறக்கிய பாட்டுக்குத்தான் அந்த விலை.

கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார். கொஞ்சம் அமுங்க வேண்டும். காம்படி இதழ்கள் பச்சையாக இருக்கட்டும். பிறகு பழத்தைத் திருப்பு. அடியில் சின்னப் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடக்கூடச் சுளை சிறுக்கும், கொட்டையும் குறையும். எனக்கு இன்றும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பிளப்பதில்தான் ஆசை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து நெரித்தால் போதும், வாய் திறக்கும். வெள்ளைச் சுளையில் மஞ்சள் பால் கண்டால் அதை விட்டுவிடு, கசக்கும். தோலின் கறை துணியில் பட்டால் போகாது, வெள்ளைச் சுடிதார் வேண்டாம்.

பெரிய சுளையில் கொட்டை இருந்தால் காயவிடாமல் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவா, காய்ந்தால் முளைக்காது. எனக்கும் ஒரு கிலோ வாங்கு. பையில் அடியில் வைத்துவிடாதே.

உன் அத்தை