கோயில், மாதா கோயில், பள்ளிவாசல்: நம்ம பிள்ளைகள் போய்ப் பார்த்து வரட்டும்



நம் குழுக்களில் பல மதத்தவரும் இருக்கிறோம். ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்பு கட்டுகிறோம். ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்கிறோம். ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி வீடு தேடி வருகிறது, பொங்கலுக்குப் பொங்கல் போகிறது. ஆனால் பள்ளிவாசலுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. நம்ம பிள்ளைங்களுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில்தான் செல்போனில் வரும் வதந்தி போய் உட்கார்ந்துகொள்கிறது.

இது எங்கோ நடக்கும் விஷயம் இல்லை. நம் மாவட்டத்து வி.களத்தூரில் கோயில் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்ற தகராறு பல வருடம் இழுத்து, உயர்நீதிமன்றம் வரை போனது. 2021-ல் தீர்ப்பு வந்தது. ஒரு பகுதியில் ஒரு மதத்தவர் அதிகம் என்பதற்காக இன்னொரு மதத்தவரின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது, அப்படித் தடுக்கலாம் என்றால் நாட்டில் பல இடங்களில் சிறுபான்மையினரும் திருவிழா நடத்த முடியாமல் போகும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். நியாயமான பேச்சு. ஆனாலும் தீர்ப்பு தெருவைத்தான் திறக்கும். மனசைத் திறக்க வேண்டியது நாம்தான்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கதை நமக்கெல்லாம் தெரிந்தது. மதுரையிலிருந்து கோபத்தோடு வந்த அம்மன், இங்கே இருந்த செல்லியம்மனிடம் தங்க இடம் கேட்டாள். செல்லியம்மனுக்குத் துன்பம் கொடுத்த மந்திரவாதியை அழித்தாள். செல்லியம்மன் தன் இடத்தையே அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போனாள். இன்றும் தீபாராதனையில் முதல் மரியாதை செல்லியம்மனுக்குத்தான். இடம் கொடுத்தவளை மறக்காத கோயில் இது. மாவிளக்குக்குக் கோயிலிலேயே மாவு இடிப்பதைப் பார்க்கும் வேற்று மதப் பிள்ளை ‘இது எதுக்கு?’ என்று கேட்டால், நம்ம பெண் பிள்ளை பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவளுக்கே தெரியும், தனக்கு எவ்வளவு தெரியவில்லை என்று!

அரியலூர் மாவட்டத்தில் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் இருக்கிறது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 18-ம் நூற்றாண்டில் அங்கே தங்கிப் பணி செய்தார், தமிழ் படித்தார், தேம்பாவணி பாடினார். அரியலூர் மழவராயர் ஒருவருக்கு வந்த ராஜபிளவை அங்கே குணமாகி, அவர் மாதாவுக்கு நிலம் கொடுத்தார் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் செய்தி. நாகூர் தர்காவின் பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். (தர்கா வேறு, பள்ளிவாசல் வேறு. எல்லா முஸ்லிம்களும் தர்காவுக்குப் போவதில்லை. பிள்ளைகள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.) சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் கல்வெட்டுப் பாட்டை எழுதியவர் மக்கன் லால் என்ற இந்து. 1947 பிரிவினையில் சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்த இந்துக் குடும்பத்தார் தொடங்கிய சூஃபிதார் அறக்கட்டளை, அந்தப் பள்ளிவாசலில் ரம்ஜான் மாதம் நோன்பு திறக்க உணவு பரிமாறும் வழக்கத்தைப் பல பத்தாண்டுகளாக நடத்தியிருக்கிறது. ஜெர்மனியில் 1997 முதல் அக்டோபர் 3-ம் தேதி பள்ளிவாசல்களைத் திறந்து வைத்து, யாரும் வந்து பார்க்கலாம், கேட்கலாம் என்று அழைக்கிறார்கள்.

சரி, நம்ம ஊர்ப் பிள்ளைகளை எப்படி அழைத்துப் போவது? முதலில் கேட்டுவிட்டுப் போக வேண்டும். சில பெரிய கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவர் போகக் கூடாது என்ற விதி உண்டு. பழனி கோயில் வழக்கில் 2024 ஜனவரியில் மதுரைக் கிளை இதை வலியுறுத்தியது. அதனால் கோயில் அலுவலகத்தில் பேசி, எதுவரை போகலாம் என்று தெரிந்துகொண்டு போனால் வாசலில் பிள்ளைகள் அவமானப்பட வேண்டாம். 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித் மக்கள் நுழையவே ஒரு போராட்டம் தேவைப்பட்டது. சில ஊர்களில் அந்தக் கதவு இன்னும் முழுசாகத் திறக்கவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பள்ளிவாசலுக்கு ஜமாத்தாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்கணும். பெண் பிள்ளைகள் எதுவரை வரலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகை நேரம், அப்போது வேண்டாம். சிறுவாச்சூர் கோயில் வழக்கமாகத் திங்கள், வெள்ளி மட்டும்தான் திறப்பு. ஆகவே பள்ளி விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை பார்த்து வைத்தால், காலையில் கோயில், சாயங்காலம் பள்ளிவாசல் என்று முடித்துவிடலாம். மாதா கோயிலுக்கு இன்னொரு நாள். பூசையில் நன்மை வாங்கும் வரிசையில் மற்ற மதப் பிள்ளைகள் போய் நிற்கக் கூடாது, உட்கார்ந்து பார்க்கலாம்.

‘மதம் மாத்திடுவாங்களோ?’ என்று தாய்மார்கள் கேட்பார்கள். பயப்படுவதில் தப்பில்லை. போவது பார்க்க, கேட்க, கும்பிட அல்ல. யார் நெற்றியிலும் கட்டாயமாக விபூதி வைக்கக் கூடாது. முஸ்லிம் பிள்ளையோ கிறிஸ்தவப் பிள்ளையோ பிரசாதம் வேண்டாம் என்றால் அது மரியாதைக் குறைவு இல்லை. அவர்கள் மார்க்கத்தில் படைத்ததைச் சாப்பிடாத வழக்கம் இருக்கலாம். அங்கே ‘உங்க சாமி பெரிசா, எங்க சாமி பெரிசா’ என்ற பேச்சு வரக் கூடாது. ‘நீங்க ஏன் இப்படிச் செய்யறீங்க?’ என்று கேட்டால் பெரியவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதுங்கள். பதினைந்து, இருபது பிள்ளைகள் போதும். மூன்று மதத்திலிருந்தும் ஒரு தாயாவது கூடப் போகணும். பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். தலைமூட ஒரு துப்பட்டா, குடிக்கத் தண்ணீர், பஸ் காசு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு வந்து சேர்ந்தார்களா என்று ஊக்குநரும் பிரதிநிதியும் வீடு வீடாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.