இருந்தபடி உறங்குபவர்: இதயச் செயலிழப்பை வீட்டில் அடையாளம் காணல்

"அம்மாவுக்கு இளைப்பு, பனி குறைஞ்சா சரியாயிடும்" என்பார்கள். "கால்ல நீர் இறங்கியிருக்கு, மலையில நின்னு நின்னு வந்தது" என்றும் சொல்வார்கள். ஊவாவின் தோட்டங்களில் இவ்விரண்டு பேச்சையும் நாம் அடிக்கடி கேட்கிறோம். இளைப்புக்கு ஒரு குளிசை, வீக்கத்துக்கு ஓர் எண்ணெய் என்று இரண்டு வைத்தியமும் தனித்தனியாக நடக்கும். ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே காலத்தில் காணப்பட்டால் அவை ஒரே நோயின் இரண்டு அடையாளங்களாக இருக்கக்கூடும். அந்த நோயைப் பற்றியே இப்பாடத்தில் படிக்கிறோம்.

வைத்தியர்கள் இதனை இதயச் செயலிழப்பு என்பர். கிளினிக் கொப்பியில் சுருக்கமாக "சி.சி.எப்." என்று எழுதியிருப்பதும் உண்டு. பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். இதயம் அடிக்கிறது, ஆனால் உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை. வெலிமடைப் பக்கத்தில் கிழங்குத் தோட்டம் செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வோட்டர் பம்ப் பலமிழந்தால் மேல் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது. கீழே குழியிலும் தண்ணீர் தேங்கும். அதேபோல, இதயத்தின் இடப்பக்கம் பலமிழந்தால் நீர் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். வலப்பக்கம் பலமிழந்தால் காலிலும் ஈரலிலும் வயிற்றிலும் தேங்கும். பெரும்பாலும் இடப்பக்கம் முதலில் கெட்டு, வலப்பக்கம் பின்னால் கெடும். ஆகவே இளைப்பு முன்னும் வீக்கம் பின்னுமாக வருவதைப் பலரிடம் காணலாம்.

நோயைக் கண்டுபிடிப்பது வைத்தியரின் வேலைதானே, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற ஊரின் மக்களை 1948 முதல் தொடர்ந்து பரிசோதித்து வந்தார்கள். அந்த அனுபவத்தைக் கொண்டு இந்நோயைத் தீர்மானிக்கும் ஒரு முறையை 1971இல் வெளியிட்டார்கள். அதில் முக்கிய அடையாளங்களாகச் சொல்லப்பட்டவற்றுள் ஒன்று, உறக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருதல். இன்னொன்று, கழுத்து நரம்பு புடைத்து நிற்றல். இரவு இருமல், கால் வீக்கம், சாதாரண வேலைக்கே மூச்சு வாங்குதல் ஆகியவை துணை அடையாளங்கள். இவற்றில் எதற்கும் இயந்திரம் தேவையில்லை. முதலாவதை வைத்தியர் காணவே மாட்டார், ஏனெனில் அது நடப்பது இரவு ஒரு மணிக்கு. அதைப் பார்ப்பவர்கள் பக்கத்தில் படுத்திருக்கும் மகளும் கணவனும்தான். நீங்கள் இரவில் கண்டதைச் சொல்லாவிட்டால், பகலில் ஐந்து நிமிடம் பார்க்கும் வைத்தியருக்குப் பாதி விடயம் தெரியாமலே போய்விடும்.

எனவே இரவை முதலில் கவனியுங்கள். படுத்திருக்கும்போது காலில் தேங்கிய நீர் இரத்தத்தோடு கலந்து நெஞ்சுக்குத் திரும்புகிறது. பலமில்லாத இதயத்தால் அதைச் சமாளிக்க முடிவதில்லை. உறங்கி ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் நோயாளி திணறி எழுவார், கதவைத் திறப்பார், இஸ்தோப்பில் போய் உட்காருவார். சற்று நேரத்தில் மூச்சு இலேசாகும். "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று வைத்தியர்கள் கேட்பது இதனால்தான். நம்மவர்கள் "ஒன்று" என்று பதில் சொல்லிவிடுவார்கள். லயத்துக் காம்பராவில் இருப்பதே ஒரு தலையணைதான்! நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மட்டமாகப் படுக்க முடிகிறதா? சுவரில் சாய்ந்தா, மடித்த படங்கை முதுகுக்கு வைத்தா, இருந்தபடியா உறங்குகிறார்? எத்தனை நாளாக?

அடுத்து, ஏற்றம். நியூயோர்க் இதயச் சங்கம் இந்நோயின் கடுமையை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. அதை நம் மலையில் வைத்தே அளக்கலாம். கூடையோடு மலை ஏறியும் சிரமமில்லாதவர் முதற் படியில் இருக்கிறார். முன்பு ஒரே மூச்சில் ஏறிய இடத்துக்கு இப்போது இரண்டு தரம் நின்று ஏறுபவர் இரண்டாம் படி. மட்டமான பாதையில் பீலிக்கரைக்குப் போய்வரவே மூச்சு வாங்கினால் மூன்றாம் படி. உட்கார்ந்திருந்தும் மூச்சு வாங்கினால் நான்காம் படி. வயதாகிவிட்டது என்று சொல்வதற்கு முன், போன வருடம் இதே மாதத்தில் இவர் எதுவரை ஏறினார் என்று நினைத்துப் பாருங்கள். வயது சில வாரங்களில் ஆளைத் தள்ளிவிடாது.

கால் வீக்கத்தைப் பார்க்கும் முறை எளிது. கணுக்காலுக்கு மேல், முன் எலும்பின் மீது பெருவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுங்கள். குழி விழுந்து நின்றால் அது நீர். இந்நோயில் இரண்டு காலும் வீங்கும், மாலையில் கூடும், காலையில் சற்று வற்றும். படுக்கையிலேயே இருப்பவருக்கு இடுப்பின் பின்புறம் வீங்கும். வீங்கிய கால்கள் எல்லாம் இதய நோயல்ல என்பதையும் சொல்லவேண்டும். காலையில் முகமும் கண் இமையும் வீங்கினால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கால் மாத்திரம் திடீரென வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம்; அதற்கும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிப்பின் குளிசையாலும் சிலருக்குக் கால் வீங்கும். கர்ப்பிணிக்கு வீக்கமும் தலையிடியும் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள்.

நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் முட்டு வருத்தம்தான் என்று முடிவுகட்டவும் கூடாது. நுரையீரலில் நீர் தேங்கினாலும் அச்சத்தம் வரும். சிறு வயதில் முட்டு இல்லாத ஒருவருக்கு ஐம்பது வயதுக்குமேல் முதன்முதலாக முட்டு வந்தால் இதயத்தைச் சந்தேகிப்பதே புத்தி. கடையில் கேட்டு வாங்கும் பிரட்னிசலோன் குளிசையும், மூட்டு வலிக்கு விழுங்கும் டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்றவையும் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி இந்நோயை மோசமாக்கும். வலி போகிறதே என்று மாதக்கணக்கில் டைக்ளோபெனாக் விழுங்குபவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். இதைப்பற்றி நாம் எவ்வளவு சொன்னாலும் போதாது.

இதயம் ஏன் பலமிழக்கிறது? கவனிக்காமல் விட்ட பிரஷர், மாரடைப்பு, சீனி வருத்தம், கசிப்பு ஆகியவை இன்றைய முக்கிய காரணங்கள். கடுமையான இரத்தசோகையும் இதயத்தைக் களைக்க வைக்கும். இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவுக்கு எதிரான இயக்கத்தை ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் ஆரம்பித்தார்கள். அக்காலத் தொழிலாளரின் இரத்தத்தை அந்தப் புழு அவ்வளவு உறிஞ்சியிருந்தது. இளம் வயதினரிடம் வேறொரு காரணம் உண்டு. சிறு பிராயத்தில் தொண்டை நோவுக்குப் பின் மூட்டுக்கு மூட்டு மாறி வீங்கும் காய்ச்சல், வாதக் காய்ச்சல், இதய வால்வைக் கெடுத்துவிடும். அது பல வருடங்களுக்குப் பின், அப்பெண் கர்ப்பமாகும்போது மூச்சிரைப்பாக வெளிப்படலாம். அப்பிள்ளைகளுக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒரு தரம் போடும் பென்சிலின் ஊசியை ஒன்றுகூடத் தவறவிடக் கூடாது. பிரசவத்தை ஒட்டி இதயத் தசை தளர்ந்து மூச்சு முட்டுவதும் உண்டு. அதைப் பிரசவக் களைப்பு என்று விட்டுவிட வேண்டாம்.

இனி, இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கென்று சில விடயங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மலை சரிந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு மண்சரிவுகள் வந்தபோதும் உடுத்திய துணியோடு ஓடியவர்களே அதிகம். அப்படி ஓடுகிறவர் கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் எடுத்து வருவதில்லை. கொப்பி இல்லாமல் கிளினிக்கில் ஏசுவார்களோ என்று பயந்து பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. மருந்து நின்று சில நாட்களிலேயே நீர் கட்டத் தொடங்கிவிடும். கொப்பி போனாலும் போங்கள். முன்பு கிளினிக் எடுத்த ஆஸ்பத்திரியின் பெயரையும், எந்த மாதத்தில் எந்தக் கிழமை போனீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வெறும் குளிசை அட்டை ஒன்று மிஞ்சியிருந்தாலும் அதைக் கொண்டுபோங்கள். இன்று கொப்பி கையில் உள்ளவர்கள் மருந்துப் பக்கத்தைப் பிள்ளைகளின் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

முகாமில் கிடைக்கும் உணவு மற்றொரு ஆபத்து. டின் மீன், கருவாடு, நூடில்ஸ் பக்கட், பப்படம் எல்லாம் உப்பு. சுகமாயிருப்பவருக்கே நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குள் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஒன்றாகச் சமைக்கும் இடங்களில் இந்நோயாளருக்குரிய பருப்பையும் மரக்கறியையும் உப்புப் போடும் முன் எடுத்து வைப்பது பெரிய காரியமல்ல. யாராவது ஒருவர் ஞாபகமாகச் செய்தால் போதும்.

மூன்றாவது விடயத்தைப் பெண்கள் வெளியில் சொல்லமாட்டார்கள். நீரை இறக்கும் பியூரோசமைட் குளிசை குடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் சிறுநீர் வரத் தொடங்கும். ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் அடிக்கடி போக வேண்டியிருக்கும். கொழுந்து மலையில் மலசலகூடம் இல்லை. முகாமில் இருந்தாலும் அது தூரத்தில், இருட்டில், வரிசையில். ஆகவே குளிசையைக் குடிக்காமல் வைத்துவிடுகிறார்கள். கிளினிக்கில் "ஒழுங்காகக் குடிக்கிறீர்களா?" என்றால் "ஆமாம் ஐயா" என்கிறார்கள். வைத்தியரோ மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுகிறார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை நேரத்தைச் சொல்லி, குளிசையை எத்தனை மணிக்குக் குடிக்கலாம் என்று கேளுங்கள். பலருக்கு நேரத்தை மாற்றித் தர முடியும். பின்னேரம் பிந்திக் குடித்தால் இரவு உறக்கம் கெடும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே தராசில் நிறை பார்ப்பது மிக நல்ல பழக்கம். வீட்டில் தராசு இல்லாதவர்கள் டிஸ்பென்சரியிலோ மருத்துவ மாதுவிடமோ கிழமைக்கு இரண்டு தரமாவது பார்க்கலாம். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, நீர். மூச்சு முட்டும்வரை காத்திராமல் போய்க் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்றேயும் ஈ.சி.ஜி.யும் எடுப்பார்கள், இரத்தம் சோதிப்பார்கள். எக்கோ என்ற பரிசோதனை இதயம் ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது என்று காட்டும். நூற்றுக்கு 40 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் தள்ளும் சக்தி குறைந்துவிட்டது என்று பொருள். எக்கோவுக்குத் திகதி போட்டுத் தந்தால் அத்திகதியை விடாதீர்கள். மருந்துகளைத் தீர்மானிப்பதற்கு அது அவசியம்.

சிங்களத்தில் மட்டும் பேசும் வைத்தியரிடம் நம்மவர்கள் "அமாருய்" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். பின்வரும் மூன்றையும் பாடமாக்குங்கள். "ஹுஸ்ம கன்ன அமாருய்": மூச்சு விடக் கஷ்டம். "றேட்ட ஹுஸ்ம ஹிர வெனவா": இரவில் மூச்சு அடைக்கிறது. "கக்குல் இதிமிலா": கால்கள் வீங்கியிருக்கின்றன. இரண்டாவது வசனத்தை மறக்கவே வேண்டாம்.

இரவில் திடீரென மூச்சுத் திணறி, உடம்பு வியர்த்துக் குளிர்ந்து, இளஞ்சிவப்பு நுரை வந்தால் அது உயிராபத்து. உடனே 1990க்கு அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். சட்டையைத் தளர்த்துங்கள். தண்ணீரோ பிளேன்டீயோ பருக்க வேண்டாம். லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஆளைத் தூக்கவேண்டி வந்தால், நம் வழக்கப்படி போர்வையில் கிடத்தித் தூக்காதீர்கள். கிடத்தினால் மூச்சு மேலும் அடைக்கும். நினைவோடு இருப்பவரைக் கைப்பிடியுள்ள கதிரையில் இருத்தி, துணியால் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, நான்கு பேர் தூக்குங்கள். அப்படியொரு கதிரை லயத்தில் யார் வீட்டில் இருக்கிறது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.