துக்ளக்: வரலாற்றிலும் மேடையிலும்

காலையில் ஓர் ஆணை பிறந்து மாலையில் அது மாற்றப்படுமாயின், 'இது என்ன துக்ளக் தர்பார்?' என்று கேட்பது தமிழ்நாட்டில் இயல்பான வழக்காகிவிட்டது. அரசு அலுவலகங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் இத்தொடர் ஒலிக்கிறது. 2021இல் இப்பெயரிலேயே ஒரு திரைப்படமும் வெளிவந்தது. பள்ளி வரலாற்று நூல்கள் இப்பழிக்கு வித்திட்டன என்பது உண்மையே. ஆயினும் அவ்வித்தை நீரூற்றி வளர்த்ததில் பெரும்பங்கு ஒரு தமிழ் நகைச்சுவை நாடகத்திற்கு உண்டு. சோ என்று அனைவரும் அறிந்த சோ ராமசாமி எழுதிய 'முகம்மது பின் துக்ளக்' என்பதே அந்நாடகம். அதன் பெயரையே தம் இதழுக்கும் சூட்டி, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் ஆசிரியராக விளங்கியவர் அவர். அந்நாடகம் உண்மையில் எவரைப் பார்த்து நகைக்கிறது என்பதையே நாம் இங்கு சிறப்பாக ஆராயப் புகுகிறோம்.

வழக்கறிஞர் ஒருவர் நகைச்சுவை நாடகம் எழுதுவது தமிழுக்குப் புதிதன்று. அம்மரபின் தொடக்கத்தைக் காண நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதும் இல்லை. பல்லாவரத்தை அடுத்துள்ள பம்மல், இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. அவ்வூர்ப் பெயரைத் தம் பெயருக்குமுன் தாங்கிய பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) வழக்கறிஞராகவும் பின்னர்ச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றியவர். கூத்தாடிகள் என்று நாடகக் கலைஞரை இழித்துரைத்த காலத்தில், 1891இல் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையை நிறுவினார். கற்றவர்களும் உயர்பதவியினரும் அச்சபையில் வேடம் புனைந்தனர். தேசியத் தலைவர் சத்தியமூர்த்தியும் அவர்களுள் ஒருவர். விடியவிடிய நடந்த பாட்டு நாடகங்களைச் சில மணி நேர உரைநடை நாடகங்களாகச் சுருக்கிய பெருமை சம்பந்த முதலியாருக்கு உரியது. ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கிய அவர், பிரெஞ்சு நகைச்சுவை மேதை மோலியேரின் நாடகம் ஒன்றையும் 'காளப்பன் கள்ளத்தனம்' என்ற பெயரில் தமிழ் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றினார். பிரஹசனம் என்று அவர் காலத்தவர் அழைத்த கேலி நாடக வகையில் அவரது 'சபாபதி' புகழ்பெற்றது. 1941இல் திரைப்படமாகவும் வந்தது. மந்த அறிவுடைய செல்வரும் அதே பெயர் கொண்ட வேலையாளும் அதில் நம்மைச் சிரிக்க வைக்கின்றனர். அச்சிரிப்பில் எவருக்கும் காயமில்லை. அரசியல் அதில் எட்டிப்பார்க்கவே இல்லை.

அரசியலை அச்சிரிப்புக்குள் கொண்டுவந்தவர் சோ. 1934இல் பிறந்த அவர், விவேகானந்தா கல்லூரியில் அறிவியல் பட்டமும் சென்னைச் சட்டக் கல்லூரியில் சட்டப் பட்டமும் பெற்றார். உயர்நீதிமன்றத்தில் வழக்காடியதோடு டி.டி.கே. நிறுவனங்களின் சட்ட ஆலோசகராகவும் இருந்தார். பகலில் சட்டம், மாலையில் மேடை என்பதே அவரது இளமைக்கால வாழ்க்கை. விவேகா பைன் ஆர்ட்ஸ் என்னும் குழுவின் வாயிலாக அவர் நாடகங்கள் அரங்கேறின. 'பார் மகளே பார்' (1963) படத்தின் மூலம் திரையுலகிலும் நகைச்சுவை நடிகராக நுழைந்தார்.

அக்காலச் சபா நாடகங்களைக் கண்டு களித்தோர் பெரும்பாலும் அலுவலகம் செல்லும் நடுத்தரக் குடும்பத்தினர். கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இல் மின்வண்டி ஓடத் தொடங்கிய பின்னர், அத்தகைய குடும்பங்கள் மீனம்பாக்கம், குரோம்பேட்டை, தாம்பரம் என இருப்புப்பாதையை ஒட்டித் தெற்கே பரவின. காலையில் நாளிதழ் படித்து மாலையில் நாடகம் பார்க்கும் அவையினர் அவர்கள். நாளிதழ்ச் செய்தியையே மேடை வசனமாக்கிய சோவின் உத்தி அவர்களைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

1968இல் அரங்கேறிய 'முகம்மது பின் துக்ளக்' அவ்வுத்தியின் உச்சம். பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தானும், அவர் அவையிலிருந்த உலகப் பயணி இப்னு பதூதாவும், அறுநூறு ஆண்டுகளுக்குப்பின் கல்லறையிலிருந்து உயிரோடு வெளிப்படுகின்றனர். நாடு வியக்கிறது. சுல்தான் தேர்தலில் நிற்கிறார், வெல்கிறார், தலைமை அமைச்சராகிறார். தம் பக்கம் தாவி வருவோர் அனைவரையும் துணைத் தலைமை அமைச்சர்கள் ஆக்குகிறார். ஆங்கிலமா, இந்தியா என்ற மொழிச் சிக்கலுக்குப் பாரசீகமே ஆட்சிமொழி என்று தீர்வு காண்கிறார். 1965இன் மொழிப் போராட்டமும் 1967இன் கட்சித் தாவல்களும் மக்கள் நினைவில் பசுமையாக இருந்த வேளை அது. அவையில் எழுந்த சிரிப்பொலியை நாம் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம்.

இனி வரலாற்றுச் சுல்தானைக் காண்போம். முகம்மது பின் துக்ளக் 1325 முதல் 1351 வரை ஆண்டவர். தலைநகரைத் தில்லியிலிருந்து தேவகிரிக்கு மாற்றி அதற்குத் தௌலதாபாத் என்று பெயரிட்டதும், வெள்ளி நாணயத்திற்கு ஈடாகச் செம்பு, பித்தளை நாணயங்களை வெளியிட்டதும் அவர்மேல் சுமத்தப்படும் இரு பெருங்குற்றங்கள். தெற்கே விரிந்த பேரரசை நடுவிலிருந்து ஆள வேண்டும் என்பது முதல் திட்டத்தின் கருத்து. அதன் விளைவாகத் தக்காணத்தில் அறிஞர்களும் சூபி ஞானியரும் குடியேறினர். இரண்டாவதன் கருத்தோ நாம் அன்றாடம் பயன்படுத்தும் பணத்தாளின் கருத்தேயாகும். உலோகத்தின் விலைக்கன்றி அரசின் வாக்குறுதிக்கே மதிப்பு. கள்ள நாணயத்தைத் தடுக்கும் வழி அன்றைய அரசிடம் இல்லாமையால் திட்டம் முறிந்தது. அப்போதும் மக்கள் கொண்டுவந்த செம்பு நாணயங்களுக்குக் கருவூலத்திலிருந்து உயர்ந்த நாணயம் கொடுத்து ஈடுசெய்தவர் அவர். பஞ்ச காலத்தில் உழவர்க்குக் கடன் வழங்கியதும், வேளாண்மைக்கெனத் தனித்துறை அமைத்ததும் 'துக்ளக் தர்பார்' என்ற தொடருக்குள் அடங்குவதில்லை.

அவர் கொடுமைகளை நாம் மறைக்கவில்லை. எதிர்த்தோரைத் தண்டித்ததில் அவர் அளவு கடந்தவர் என்பதை அக்கால நூல்கள் ஒருமுகமாகக் கூறுகின்றன. எனினும் அவற்றை எழுதியவர் யார் என்பதும் நோக்கத்தக்கது. பதினேழு ஆண்டுகள் அவரது அவையில் இருந்த ஜியாவுத்தீன் பரணி குடிப்பிறப்பில் பெருமை கொண்டவர். தாழ்ந்த குடியினர் என்று தாம் கருதியோருக்குச் சுல்தான் உயர்பதவி அளித்ததை அவரால் பொறுக்க இயலவில்லை. அவர் சினத்துள் ஒரு பகுதி இதனால் எழுந்தது. அப்பகுதியை நீக்கிப் பார்ப்பது வரலாற்று மாணவரின் கடமை.

இப்னு பதூதாவின் வரலாறு நம் மண்ணோடும் தொடர்புடையது. 1304இல் மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்த அவர், தில்லியில் காழியாக அமர்த்தப்பட்டார். சுல்தானின் தூதராகச் சீனத்திற்குப் புறப்பட்டவர், கோழிக்கோட்டில் மரக்கலங்கள் புயலில் சிதைந்ததால் மாலத்தீவு, இலங்கை வழியாகத் தமிழ்க் கரையை அடைந்தார். அப்போது மதுரையை ஆண்டவர் கியாசுத்தீன் தாமகானி. அவர் மனைவியும் பதூதா தில்லியில் மணந்த பெண்ணும் உடன்பிறந்தோர். அவ்வுறவு இருந்தும், கியாசுத்தீன் போர்க்கைதிகளையும் அவர்தம் குடும்பத்தையும் நடத்திய கொடுமையைப் பதூதா கண்டித்தே எழுதியுள்ளார். மதுரையில் பரவிய கொள்ளைநோயையும் பதிவு செய்துள்ளார். ஆக, சோவின் கற்பனையில் தமிழ் பேசிய பதூதா, உண்மையிலும் தமிழ்நாட்டு வெயிலில் நடந்தவரே. கண்டதை மறையாது எழுதும் அவர் இயல்பையே நாடக ஆசிரியரும் தம் பாத்திரத்திற்கு அளித்துள்ளார்.

அதற்குச் சான்று நாடகத்தின் முடிவு. மேடையில் நாம் கண்ட சுல்தான் சுல்தானே அல்லர். மகாதேவன், ராகவன் என்னும் இக்கால இளைஞர் இருவர், நாட்டுப்பற்றுடைய முதியவர் ஒருவரின் தூண்டுதலால் துக்ளக்காகவும் பதூதாவாகவும் நடித்தனர் என்பது வெளிப்படுகிறது. எந்த வேடத்திற்கும் மக்கள் ஏமாறுவர் என்பதைக் காட்டி, இறுதியில் உண்மையைச் சொல்லி அவர்களை விழிப்பிப்பதே திட்டம். ஆனால் பதவியின் சுவை கண்ட மகாதேவன் வேடத்தைக் களைய மறுக்கிறான். உண்மையைச் சொல்ல முன்வந்த ராகவனைத் துரோகி என்று பழித்துக் கூட்டத்தை ஏவிவிடுகிறான். கூட்டம் ராகவனைக் கொல்கிறது, துக்ளக்கை வாழ்த்துகிறது. கேலி நாடகம் ஒன்று கொலையில் முடிவது தமிழில் மிக அரிது.

ஆகவே இந்நாடகத்தின் எள்ளல் பதினான்காம் நூற்றாண்டு முஸ்லிம் மன்னர்மேல் விழவில்லை. வேடத்தை நம்பிய வாக்காளர்மேலும், அவர்களை நம்பவைத்த தலைவர்கள்மேலும் விழுகிறது. சுல்தானின் பெயர் ஒரு முகமூடி மட்டுமே. இதே சுல்தானை 1964இல் கிரீஷ் கர்னாட் கன்னட நாடகமாக்கினார். அவருக்குச் சுல்தான் ஒரு துன்பியல் தலைவன். கனவு கண்டு, அக்கனவாலேயே சிதைந்தவன். சோவுக்கோ சுல்தானின் உள்ளத்தில் ஆர்வமே இல்லை. வரலாறு என்ற அளவில் கர்னாட் நமக்கு நெருக்கமானவர். அங்கதம் என்ற அளவில் சோவின் கூர்மை மிகுதி என்பது எம் கருத்து.

குறைகளும் உண்டு. பேச்சே முழு நாடகமாக அமைவதால் மேடையில் காட்சிக்கு வேலை குறைவு. அன்றைய அரசியல்வாதிகளைக் குறிக்கும் நகைச்சுவைகள் இன்றைய மாணவர்க்கு அடிக்குறிப்பின்றி விளங்கா.

1971இல் நாடகம் சோவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. தலைப்பைக் கண்டு ஐயுற்றோர் இருந்தனர். எம்.எஸ். விஸ்வநாதன் தம் குரலிலேயே பாடிய, இறைவனைப் போற்றும் பாடல் அப்படத்தில் இடம்பெற்று இன்றும் விரும்பிக் கேட்கப்படுகிறது. அதற்கு முன்பே, 1970 பொங்கல் நாளில், 'துக்ளக்' இதழ் தோன்றியிருந்தது. இரு கழுதைகள் உரையாடும் படத்தை முதல் இதழின் அட்டையில் வெளியிட்ட துணிவைக் கவனிக்க வேண்டும். மேடை வசனகர்த்தாவின் கைவண்ணம் கேள்வி-பதில் பகுதியில் முழுமையாக வெளிப்பட்டது: வாசகர் ஒரு வரி, ஆசிரியர் ஒரு வரி, நடுவே சிரிப்பு. 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது அட்டையைக் கறுப்பாக அச்சிட்டுத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். 1999 முதல் 2005 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். பிற்காலத்தில் பாரதிய ஜனதா கட்சியை அவர் ஆதரித்து எழுதியவற்றோடு நம்மில் பலர் உடன்படுவதில்லை. ஆயினும் அதனைக் கொண்டு 1968இன் நாடகத்தைப் படிப்பது இலக்கிய ஆய்வு நெறியாகாது. 2016 டிசம்பரில் அவர் மறைந்தார். மறுஆண்டு பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

கல்லூரி விழாக்களில் இந்நாடகத்தின் காட்சிகளை எடுத்து நடிக்கும் மாணவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். பொதுவாக அவர்கள் சுல்தானின் தாடியையும் தலைப்பாகையையும் மிகைப்படுத்தி, உருது ஒலியோடு தமிழைச் சிதைத்துப் பேசிக் கைத்தட்டல் பெறுகின்றனர். இறுதிக் காட்சியை நேரமின்மையால் விட்டுவிடுகின்றனர். இறுதிக் காட்சி இல்லையேல் அவையினர் கண்டது ஒரு முஸ்லிம் மன்னரின் கோமாளித்தனம் மட்டுமே. முன்காட்சிகளில் இரண்டைக் குறைத்தேனும் ராகவன் பேசும் இடத்தை முழுமையாக வைத்துக்கொள்ளட்டும். துக்ளக்காக நடிப்பவர், தாடிக்குள் இருப்பவன் மகாதேவன் என்பதை முதற்காட்சியிலிருந்தே மனத்திற்கொண்டு நடிக்கட்டும்.