மலாக்கா நீரிணையைக் கணினிக்குக் காட்டுவது எப்படி?

2010-ஆம் ஆண்டு, நம் நாட்டைச் சுற்றியுள்ள கடல் வழக்கத்தைவிடச் சூடேறியது. பவளப்பாறைகள் வெளிறின. ரெடாங், தியோமான் தீவுகளில் சில முக்குளிப்புத் தளங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்குரிய வழக்கமான அளவைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே பவளம் வெளிறத் தொடங்கிவிடும். அப்படியானால், நம் கடல் இனி எவ்வளவு சூடாகும்?

இதைக் கணக்கிட உதவுபவை பருவநிலை மாதிரிகள். இந்தக் கணினி நிரல்கள் வளிமண்டலத்தையும் கடலையும் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், காற்று, நீரோட்டம் எப்படி மாறும் என்பதை இயற்பியல் சமன்பாடுகளால் கணக்கிடுகின்றன. வளிமண்டலத்தையும் கடலையும் இணைத்த முதல் மாதிரியை 1969-இல் சியுகுரோ மனாபேயும் கிர்க் பிரையனும் வெளியிட்டனர். மனாபே 2021-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

உலக மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளான் சுமார் 30 கிலோமீட்டர்தான். இரண்டும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். மலாக்கா நீரிணையோ, தஞ்சோங் துவானுக்கு எதிரே 40 கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. இவ்வளவு பெரிய கட்டத்தில் நீரிணை தனியாகத் தெரியாது. நிலமும் கடலும் கலந்துவிடும்.

இதற்குத் தீர்வு வட்டார மாதிரி. உலக மாதிரி தரும் விவரங்களை எல்லையில் கொடுத்து, நம் வட்டாரத்தை மட்டும் சிறு கட்டங்களில் மீண்டும் கணக்கிடுவார்கள். பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய தென்கிழக்காசிய ஆய்வு, காற்றின் வெப்பநிலையையும் மழையையும் 25 கிலோமீட்டர் கட்டங்களில் கணக்கிட்டது. கடலுக்கும் வழிமுறை இதுவே. ஆனால், குறுகிய நீரிணைக்கு இன்னும் சிறிய கட்டங்கள் தேவை.

மாதிரியை எப்படி நம்புவது? முதலில், கடந்த ஆண்டுகளின் வெப்பநிலையைக் கணக்கிடச் செய்து, உண்மையில் அளந்த எண்களோடு ஒப்பிடுவார்கள்.

வருங்காலத்துக்கோ ஒரே விடை கிடையாது. 1995–2014 சராசரியைவிட 2081–2100-இல் உலகக் கடற்பரப்பு எவ்வளவு கூடுதலாகச் சூடாகும் என்பதை ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2021 அறிக்கை கூறுகிறது. கரியமில வாயு வெளியேற்றத்தை விரைந்து குறைத்தால் சுமார் 0.9 டிகிரி, அது மிக அதிகமாகத் தொடர்ந்தால் சுமார் 2.9 டிகிரி. ஆகவே, இது சோதிடம் அன்று. நாம் எந்த வழியில் போனால் எங்கே போய்ச் சேருவோம் என்பதைக் காட்டும் கணக்கு.

சிந்தித்துப் பாருங்கள்: 100 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரக் கட்டத்தில், 25 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்கள் எத்தனை அடங்கும்? கட்டம் சிறிதானால் கணினியின் வேலை ஏன் பெருகுகிறது என்பது உங்களுக்கே புரியும்.

(விடை: 16)